மலைப்பாதையில் ஆர்வி கழிவு டேங்க் நிரம்பினால்: அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன், கிளேசியர் தேசியப் பூங்காக்கள் என்று அமெரிக்காவின் வட ராக்கி மலைப் பக்கம் ஆர்வியில் (படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பயண வண்டியில்) போகிறவர்களை ஒரே தொல்லைதான் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. கழிவு டேங்க் நிரம்பிவிடும். கொட்டுவதற்கு இடம் கிடைக்காது. கிடைத்த இடம் பூட்டியிருக்கும். பூட்டாத இடத்தில் வால்வு திறக்காது. சால்ட் லேக் சிட்டியிலோ டென்வரிலோ முதல் தடவையாக ஆர்வியை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். சாவி கொடுக்கும்போது காட்டப்படும் பத்து நிமிடச் செயல்முறை சமதளத்துக்கு மட்டுமே போதும்.

பிளாக் டேங்க் என்பது கழிப்பறைக் கழிவு. கிரே டேங்க் என்பது சிங்க், ஷவர் தண்ணீர். டம்ப் ஸ்டேஷன் என்பது இவற்றைக் கொட்டுவதற்கென்றே தரையில் குழாய்வாய் வைத்த இடம். வாடகை வண்டிகளில் ஒவ்வொரு டேங்கும் பெரும்பாலும் 25 முதல் 40 கேலன் பிடிக்கும். மலைப் பகுதியில் பாதி நிரம்பும்போதே அடுத்த இடத்தைத் தேடத் தொடங்குங்கள். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல், முக்கால் தாண்டிய பிறகு தேடுவதால்தான் வருகின்றன.

## அறிகுறி 1: பேனலில் 'ஃபுல்' விளக்கு எரிகிறது, பக்கத்தில் இடம் எதுவும் தெரியவில்லை

முதலில், உண்மையிலேயே நிரம்பியிருக்கிறதா? பிளாக் டேங்கின் உணரிகளில் காகிதம் ஒட்டிக்கொண்டால் காலி டேங்கும் நிரம்பியதாகக் காட்டும். கழிப்பறை மிதியை அழுத்தி டார்ச் அடித்துப் பாருங்கள். மட்டம் கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் இருந்தால் இன்னும் இடம் இருக்கிறது. குழாய்க்குள் ஒரு சாண் கீழே பளபளவென்று தெரிந்தால் அது நிரம்பிவிட்டது. அதற்கு மேல் ஒரு தடவைகூட ஃப்ளஷ் செய்யாதீர்கள். கிரே டேங்குக்கு ஷவர் தளம்தான் அளவுகோல். வண்டியிலேயே தாழ்ந்த வடிகால் அதுதான் என்பதால், டேங்க் நிரம்பினால் அழுக்குத் தண்ணீர் முதலில் அங்கே ஏறி நிற்கும்.

எது நிரம்பியது? பெரும்பாலும் கிரே. ஷவரில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 கேலன் போகிறது. நான்கு பேர் ஆளுக்கு ஐந்து நிமிடம் குளித்தால் 40 கேலன், அதாவது ஒரே நாளில் டேங்க் முழுவதும் நிரம்பிவிடும். பிளாக் டேங்க் அப்படியில்லை, நான்கு பேருக்கு மூன்று நான்கு நாள் தாங்கும்.

கிரே மட்டும் நிரம்பி, பிளாக்கில் இடம் இருந்தால் அவசரமே இல்லை. சிங்கில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்துப் பாத்திரம் கழுவி, அந்தத் தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள். பிளாக் டேங்குக்கு எப்படியும் தண்ணீர் வேண்டும், அதனால் நல்லதுதான். சாம்பார் வண்டலையும் எண்ணெயையும் மட்டும் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். குளியலையும் கழிப்பறையையும் முகாம் வசதிகளுக்கு மாற்றிக்கொண்டால் இன்னும் இரண்டு நாள் ஓட்டலாம்.

இரண்டுமே நிரம்பியிருந்தால் இந்த வரிசையில் தேடுங்கள்:

1. பூங்காவின் பெரிய முகாம்கள். யெல்லோஸ்டோனில் மேடிசன், கிராண்ட் வில்லேஜ், பிரிட்ஜ் பே ஆகியவற்றில் டம்ப் ஸ்டேஷன் உண்டு. கிராண்ட் டீட்டனில் கோல்ட்டர் பே, குரோ வான்ட். கிளேசியரில் மேற்கே ஆப்கார், கிழக்கே செயின்ட் மேரி. ஸ்லூ கிரீக், லூயிஸ் லேக் போன்ற சின்ன முகாம்களில் கிடையாது, அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.
2. பூங்கா நுழைவாயில்களை ஒட்டிய ஊர்களிலுள்ள தனியார் ஆர்வி பார்க்குகள் (ஆர்வி நிறுத்தித் தங்கும் இடங்கள்). தங்காதவர்களிடமும் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிப்பார்கள், 10 முதல் 25 டாலர் வரை கேட்பது வழக்கம். போகும் முன் போன் செய்யுங்கள். கூட்டம் நிறைந்த ஜூலையில் வெளியாட்களை மறுப்பதும் உண்டு.
3. எரிபொருள் நிலையங்கள். நெடுஞ்சாலையில் ஃப்ளையிங் ஜே, லவ்ஸ் கிளைகள் சிலவற்றிலும், மொன்டானாவின் சிற்றூர்களில் செனெக்ஸ் நிலையங்கள் சிலவற்றிலும் உண்டு.
4. பலர் மறந்துவிடும் இடங்கள்: நகராட்சிப் பூங்கா, கவுன்ட்டி கண்காட்சித் திடல், நகராட்சிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். சிற்றூர் நகர மன்ற அலுவலகத்துக்கு வேலை நேரத்தில் ஒரு போன் போட்டால் இரண்டு நிமிடத்தில் பதில் கிடைக்கும். எந்த ஆப்பிலும் இல்லாத இடங்கள் இப்படித்தான் தெரியவரும்.
5. எல்லா வசதியும் கொண்ட முகாமில் ஓர் இரவு. செலவு என்று தயங்க வேண்டாம். ஆர்வி ஒரு கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் ஓடும். 60 மைல் தள்ளிப் போய்த் திரும்பினால் எரிபொருள் மட்டும் 12 முதல் 15 கேலன் ஆகிவிடும். அந்தப் பணத்தில் பல இடங்களில் ஓர் இரவு தங்கி, காலி செய்து, தண்ணீரும் பிடித்துக்கொள்ளலாம்.

சாலையோரம் நீல நிறப் பலகையில் வெள்ளை ஆர்வி படமும் அதன் கீழிருந்து தரைக்கு இறங்கும் அம்புக்குறியும் இருந்தால் அதுதான் டம்ப் ஸ்டேஷன் குறி. சானிடம்ப்ஸ், ஐஓவர்லேண்டர் போன்ற இணையதளம், ஆப்களிலிருந்து இடப் பட்டியலை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே இறக்கி வையுங்கள். யெல்லோஸ்டோனுக்குள் பெரும்பாலான சாலைகளில் போன் சிக்னல் இருக்காது.

ஆப் காட்டும் தூரத்தை அப்படியே நம்பாதீர்கள். ஆப்காரிலிருந்து செயின்ட் மேரிக்குக் கோயிங்-டு-தி-சன் சாலை வழியாக ஏறக்குறைய 50 மைல். ஆனால் அவலாஞ்ச் முகாமுக்கும் ரைசிங் சன்னுக்கும் இடையே 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. 28 அடி ஆர்வி யூ.எஸ். 2 சாலையில் மரியாஸ் கணவாய் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும்.

கணவாய் ஏறுவதற்கு முன்பே காலி செய்வது நல்லது. ஒரு கேலன் 8.34 பவுண்டு. 35 கேலன் டேங்க் இரண்டும் நிறைந்தால் கூடுதலாக 580 பவுண்டு, ஏறத்தாழ 265 கிலோ. டீட்டன் கணவாயின் 10 சதவீதச் சரிவில் இறங்கும்போது அந்தச் சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழும்.

## அறிகுறி 2: இடத்துக்கு வந்துவிட்டோம், பூட்டியிருக்கிறது

மலையில் இதுதான் மிகச் சாதாரணமான நிலை. எளிய காரணத்திலிருந்து பார்ப்போம்.

நேரம். தனியார் இடங்களில் அலுவலகம் மூடியதும் தரைக் குழாயின் மூடியிலும் பூட்டு போட்டுவிடுவார்கள். கதவில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். காலை 8 மணிக்கு முன்போ மாலையிலோ போனால் வரிசை குறைவு. முகாம் காலி செய்யும் 10 முதல் 12 மணி வரை போகவே வேண்டாம்.

பருவம். முகாம் திறந்திருந்தாலும் டம்ப் ஸ்டேஷன் மூடியிருக்கலாம். கழுவும் குழாயில் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும் என்பதால், இரவு வெப்பநிலை 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகத் தொடங்கியதுமே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். செப்டம்பர் நடுவிலிருந்தே இதை எதிர்பாருங்கள். பூங்காவின் அதிகாரபூர்வ இணையப் பக்கத்தில் அன்றன்றைய நிலை இருக்கும். பயணிகள் எழுதும் மதிப்புரைகளில் போன ஜூலையின் நிலைதான் இருக்கும்.

அடைப்பு அல்லது பழுது. குழாய்வாயில் கழிவு ததும்பி நின்றால் உங்கள் ஹோஸை இணைக்காதீர்கள், கொட்டியது அத்தனையும் தரைக்கு வரும். முகாம் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள்.

எவ்வளவு நெருக்கடியானாலும் செய்யக் கூடாதவை இரண்டு. முகாம்களின் குழிக் கழிப்பறையில் ஆர்வி டேங்கைக் கொட்டக் கூடாது. அந்தக் குழி எங்கும் வடிவதில்லை, லாரி வந்துதான் உறிஞ்ச வேண்டும். ஒரு ஆர்வியின் 30 கேலன் சேர்ந்தால் அது நிரம்பும் நாள் முன்னால் வந்துவிடும். அதேபோல் 'சோப்புத் தண்ணீர்தானே' என்று கிரே டேங்கைச் சாலையோரம் திறந்துவிடக் கூடாது. தேசியப் பூங்காக்களில் இதற்கென ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கு வடித்தாலும் கூட்டாட்சி விதிப்படி குற்றம். கரடி நடமாடும் இந்த மலைகளில் உணவு மணம் கொண்ட தண்ணீரை முகாமுக்குப் பக்கத்தில் ஊற்றுவது அடுத்து அங்கே கூடாரம் போடப்போகும் குடும்பத்துக்கே ஆபத்து.

ஒரே முகாமில் நான்கைந்து நாள் தங்குவதாக இருந்தால் சக்கரம் வைத்த கழிவுத் தொட்டி ஒன்று வாங்கி வைப்பது நல்லது. 15, 25, 35 கேலன் அளவுகளில் வரும். 15 கேலனே நிறைந்தால் 125 பவுண்டு, அதனால் கையால் தூக்கும் எண்ணமே வேண்டாம். வண்டியின் இழுவைக் கொக்கியில் மாட்டி நடைவேகத்தில், மணிக்கு 5 மைலுக்கு மேல் போகாமல் இழுங்கள்.

எப்போது ஆளை அழைப்பது: இரண்டு டேங்கும் நிறைந்து, 50 மைலுக்குள் திறந்த இடம் இல்லையென்றால் செப்டிக் டேங்க் உறிஞ்சும் லாரிக்காரரை அழையுங்கள். பல சிற்றூர்களில் இவர்கள் முகாமுக்கே வந்து உறிஞ்சிச் செல்வார்கள். போனிலேயே விலையைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள், தூரத்தைப் பொறுத்து நிறைய மாறும்.

## அறிகுறி 3: இடம் திறந்திருக்கிறது, ஹோஸ் எட்டவில்லை அல்லது பொருந்தவில்லை

அமெரிக்க ஆர்விகளில் கழிவு வாய் ஓட்டுநர் பக்கம், அதாவது இடப்பக்கம் இருக்கும். தரைக் குழாய் உங்கள் இடப்பக்கம் வரும்படி வண்டியை உள்ளே விடுங்கள். தவறான பக்கத்தில் நின்றுவிட்டு வண்டிக்கு அடியில் ஹோஸை இழுக்க முயலாதீர்கள். சுற்றி மறுபடி வாருங்கள்.

ஒரு 10 அடி ஹோஸ் போதாது. இரண்டு 10 அடித் துண்டுகளும் பல அளவு வாய்களுக்குப் பொருந்தும் முழங்கை இணைப்பு ஒன்றும் வைத்திருங்கள். பழைய இடங்களில் திருகு மரையே இருக்காது, காலால் தள்ளும் மூடி மட்டும் இருக்கும். அங்கே ஹோஸ் முனையைக் குழாய்க்குள் நான்கைந்து அங்குலம் இறக்கி, மேலே ஒரு கனத்த கல்லை வையுங்கள். வால்வு திறந்த வேகத்தில் ஹோஸ் துள்ளி வெளியே வருவதுதான் டம்ப் ஸ்டேஷன்களில் நடக்கும் மிக அசிங்கமான விபத்து, அதை ஒரு கல் தடுத்துவிடும்.

தரைக் குழாய் உங்கள் வாயைவிட உயரத்தில் இருந்தால் ஓடாது. முதலில் வலப்பக்கச் சக்கரங்களுக்கு அடியில் சமன்கட்டைகள் வைத்து வண்டியை இடப்பக்கம் சாய்த்து நிறுத்துங்கள். அதுவும் போதாத இடங்களுக்கு 12 வோல்ட்டில் ஓடும் அரைக்கும் பம்ப் உண்டு; கழிவை அரைத்து மெல்லிய குழாய் வழியாக மேட்டுக்கும் தள்ளும். விலை இருநூறு டாலருக்கு மேல். வாடகை வண்டிக்கு வாங்குவதில் அர்த்தமில்லை.

## அறிகுறி 4: வால்வைத் திறந்தும் எதுவும் வரவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாக வருகிறது

- இரண்டாவது வால்வு. சில வண்டிகளில் வாய்க்குப் பக்கத்தில் இன்னொரு வால்வு இருக்கும். குனிந்து பாருங்கள்.
- ஹோஸில் மேடு. நடுவில் ஒட்டகத் திமில் போல எழும்பியிருந்தால் கழிவு அங்கேயே தேங்கும். ஹோஸ் தாங்கியை விரித்து, வண்டியிலிருந்து தரைவரை ஒரே சீராக இறங்கும்படி செய்யுங்கள்.
- காற்றுக் குழாய் அடைப்பு. 'குளுக் குளுக்' என்று விட்டுவிட்டு வந்தால் இதுதான். உள்ளே ஒருவரைக் கழிப்பறை மிதியை அழுத்தச் சொல்லுங்கள். உடனே வேகம் கூடினால் கூரையிலுள்ள காற்றுக் குழாயில் பனியோ பறவைக் கூடோ அடைத்திருக்கிறது.
- காகிதக் குவியல். கழிப்பறைக்கு நேர் கீழே திடக் கழிவு மட்டும் கோபுரமாகக் காய்ந்து நிற்பது. ஹூக்கப் (வண்டி நிற்கும் இடத்திலேயே தண்ணீர், கழிவுக் குழாய் இணைப்பு) உள்ள முகாமில் பிளாக் வால்வைத் திறந்தே வைத்திருந்தால் தண்ணீர் எல்லாம் ஓடி, இது மட்டும் மிஞ்சும். வால்வை மூடி, டேங்கில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்பி, நொதி மருந்து ஊற்றி ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு வளைவுகள் உள்ள சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத் திறங்கள். மலைச் சாலை உங்களுக்கு உதவும் ஒரே வேலை இது. கரையவில்லை என்றால் கழிப்பறை வழியாக இறக்கும் நீர்பீச்சும் குழாயைக் கொண்டு குவியலை உடைக்கலாம்.

ஃபார்மால்டிஹைட் கலந்த டேங்க் மருந்து வேண்டாம். மலையிலுள்ள டம்ப் ஸ்டேஷன்களில் பல செப்டிக் தொட்டியில்தான் போய் விழுகின்றன. அந்த மருந்து அங்கே கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும், சில இடங்களில் அதைப் போட்ட வண்டியை அனுமதிப்பதே இல்லை. நொதி வகை எங்கும் கிடைக்கிறது.

எப்போது ஆளை அழைப்பது: இரண்டு முறை ஊறவைத்தும் அசையவில்லை என்றால் அழுத்த நீர் பீச்சும் ஆர்வி பழுதுக்காரர் வேண்டும். கம்பியாலோ கட்டையாலோ குத்தாதீர்கள். டேங்க் பிளாஸ்டிக், உணரி மெல்லியது.

## அறிகுறி 5: வால்வுக் கைப்பிடி அசையவே மாட்டேன் என்கிறது

காலையில் இறுக்கம், மதியம் சரி என்றால் உறைவுதான். பலம் போட்டு இழுக்காதீர்கள். தண்டு உடைந்தால் பத்து நிமிட வேலை இரண்டு நாள் வேலையாகும். வெயில் படும்படி வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள், அல்லது முடி உலர்த்தியால் வால்வைச் சுற்றிச் சூடேற்றுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரும் ஊற்றலாம், கொதிநீர் கூடாது. தீ காட்டவே கூடாது. மறுநாள் வராமலிருக்க, ஆர்விக்கென விற்கும் இளஞ்சிவப்பு உறைவுத் தடுப்பு திரவத்தை இரவில் அரை கேலன் அந்த டேங்கில் ஊற்றி வையுங்கள்.

எல்லா நேரமும் இறுக்கமாக இருந்தால் தகட்டுக்கு உயவு போதவில்லை. சில கேலன் தண்ணீரோடு வால்வு உயவு திரவத்தை ஊற்றி ஓர் இரவு விட்டால் பெரும்பாலும் இளகும். கைப்பிடி லேசாக, எதையும் பிடிக்காமல் வந்தால் கேபிள் கழன்றிருக்கிறது. வண்டிக்கு அடியில் தகட்டுத் தண்டைக் கையால் இழுத்து அந்த ஒரு முறைக்குக் காலி செய்துகொள்ளலாம்.

வாடகை வண்டியில் எதையும் கழற்றும் முன் ஒப்பந்தத்திலுள்ள உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் தொட்டால் உடைந்ததற்கு நீங்களே பொறுப்பு.

## அறிகுறி 6: மூடியைத் திறந்ததும் கொட்டுகிறது

வால்வுத் தகடு முழுதாக மூடவில்லை. அதன் காடியில் காகிதமோ மணலோ சிக்கியிருக்கும். காலி செய்து முடித்ததும் தண்ணீர் ஓடும்போதே அந்த வால்வை ஐந்தாறு முறை திறந்து மூடுங்கள். இதிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும்.

மறுபடி கசிந்தால் ரப்பர் அடைப்பு தேய்ந்திருக்கிறது. மாற்றும்வரை, மூடி இருக்கும் இடத்தில் திருகி மாட்டும் 3 அங்குலக் கூடுதல் வால்வு ஒன்றைப் போட்டுக்கொண்டால் போதும். இருபது முப்பது டாலர் பொருள். வால்வையே மாற்றுவது நான்கு போல்ட் வேலைதான், ஆனால் டேங்க் முழுக்கக் காலியாகிக் கழுவப்பட்டிருக்க வேண்டும்.

எந்த நிலையிலும் கையுறை போட்டு, கீழே வாளி வைத்து, மூடியைக் கால் திருப்பு மட்டும் திருப்பி நின்று பாருங்கள். வருகிறது என்றால் மூடிவிடலாம்.

## அறிகுறி 7: காலி செய்த பிறகும் 'ஃபுல்' காட்டுகிறது

பிளாக்கை முதலில், கிரேயைப் பிறகு திறந்தீர்களா? அந்த வரிசையில் சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிவிடும், ஆனால் டேங்கின் உட்சுவரைக் கழுவாது. பிளாக்கை மூடி, பாதி தண்ணீர் நிரப்பி மறுபடி கொட்டுங்கள். முழங்கை இணைப்பு ஒளி ஊடுருவும் வகையாக இருந்தால், தண்ணீர் தெளியும்வரை தொடரலாம். கடைசியில் 2 அல்லது 3 கேலன் தண்ணீரை உள்ளே விட்டுவையுங்கள். அதற்குப் பிறகும் பொய் சொன்னால் உணரியை விட்டுவிட்டு டார்ச்சை நம்புங்கள். அதற்காகப் பயணத்தின் நடுவில் ஆளை அழைப்பது வீண் செலவு.

கழுவும் இடத்துக் குழாயில் குடிநீர் பிடிக்கவே வேண்டாம். அந்த முனையை எத்தனையோ பேர் தங்கள் ஹோஸுக்குள் விட்டிருப்பார்கள். 'குடிநீர்' என்று பலகை போட்ட தனிக் குழாயில், தனி வெள்ளை ஹோஸில் பிடியுங்கள்.

## அறிகுறி 8: மலை ஏறும்போது உள்ளே நாற்றம்

ஓடும்போது ஜன்னல் திறந்திருந்தாலோ கூரை விசிறி சுற்றினாலோ உள்ளே காற்றழுத்தம் குறைந்து, டேங்கின் காற்று கழிப்பறை வழியாக மேலே இழுக்கப்படும். இரண்டையும் மூடிப் பாருங்கள். தீரவில்லை என்றால் கழிப்பறைக் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் அடி ரப்பரைத் துடைத்துச் சிலிக்கான் தடவுங்கள். அடுத்தது வடிகால்களின் வளைகுழாய். கொண்டை ஊசி வளைவுகளில் அதிலுள்ள தண்ணீர் சிந்திவிடும், ஷவரிலும் சிங்கிலும் ஒரு டம்ளர் ஊற்றினால் அடங்கும். சிங்குக்கு அடியிலுள்ள சிறிய காற்று வால்வு கெட்டிருந்தால் அதைக் கையாலேயே திருகிக் கழற்றிப் புதிது போடலாம். எந்த ஊர் வன்பொருள் கடையிலும் சில டாலருக்குக் கிடைக்கும்.

இவை எதுவும் இல்லாமல் வண்டிக்கு அடியில் ஈரம் தெரிந்தால் டேங்கோ இணைப்போ விரிசல் விட்டிருக்கிறது. பயணத்தை நிறுத்தி, அருகிலுள்ள டம்ப் ஸ்டேஷனுக்கு மட்டும் போய்க் காலி செய்துவிட்டு, பழுதுக்காரரை அழையுங்கள். வெடித்த டேங்கைப் பசை வைத்து ஒட்டிப் பயணத்தைத் தொடர வேண்டாம்.